இரவு இரண்டு மணிக்குக் கீழிருந்து திறக்கும் உடை

எங்கள் மகள் பிறந்தது ஜனவரி மாதத்தில். நுவரெலியாப் பக்கத்து ஜனவரி எப்படியிருக்கும் என்று இங்குள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கீழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியா நகரத்தைத் தாண்டி, கந்தப்பளைப் பக்கமாக எங்கள் வீடு இருக்கிறது. ஜனவரியிலும் பெப்ரவரியிலும் சில நாட்கள் விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். வெயில் ஏறிய பிறகு பார்த்தால் பள்ளத்து மலையில் தேயிலைக் கொழுந்து கருகி நிற்கும். தகரக் கூரையும் சிமெந்துத் தரையும் கொண்ட எங்கள் அறையில், நடு இரவில் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி 13 பாகை செல்சியஸ் காட்டிய நாட்கள் உண்டு. அந்த அறையில்தான் ஒரு பச்சைக் குழந்தைக்கு இரவில் மூன்று முறையும் நான்கு முறையும் துணி மாற்ற வேண்டியிருந்தது.

மனைவிக்கு சிசேரியன் ஆகியிருந்ததால், குனிவதும் நிமிர்வதும் முதல் ஆறு வாரங்களுக்கு அவருக்குக் கடினமாக இருந்தது. பால் கொடுப்பது அவர், துணி மாற்றுவது நான் என்று பிரித்துக்கொண்டோம். ஆகவே இங்கே எழுதுவது அனைத்தும் என் கையால் செய்து பார்த்தவை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் இரவு எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. குளிர் என்று பயந்து பிள்ளைக்கு ஒன்றன் மேல் ஒன்றாக உடுத்தியிருந்தோம். உள்ளே காலிடுக்கில் பட்டன் போடும் சட்டை, அதன் மேல் இடுப்பில் எலாஸ்டிக் வைத்த நீளக் காற்சட்டை, அதன் மேல் தலைவழியாகப் போடும் கம்பளிச் சட்டை, காலுறை, தொப்பி, எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றிய போர்வை. இரவு இரண்டு மணிக்கு அவள் சிணுங்கினாள். போர்வையை அவிழ்த்து, கம்பளிச் சட்டையை மார்புவரை சுருட்டி, காற்சட்டையைக் கழற்றி, அதனோடு கழன்று வந்த காலுறையைத் தேடி எடுத்து, மூன்று பட்டன்களையும் திறந்து, உள்சட்டையின் ஈரமான விளிம்பை முதுகுப் பக்கம் மடித்து விட்ட பிறகுதான் நெப்பியைத் தொட முடிந்தது. அதற்குள் சிணுங்கல் அலறலாகி, அவளுடைய பாதங்கள் இரண்டும் நீலம் பாய்ந்தது போல் ஆகிவிட்டன. துடைத்து, மாற்றி, எல்லாவற்றையும் திரும்பப் போட்டு முடித்தபோது அரை மணித்தியாலம் கடந்திருந்தது. பிள்ளை நன்றாக விழித்துக்கொண்டாள். மீண்டும் உறங்க வைக்க இன்னும் ஒரு மணித்தியாலம் ஆயிற்று. கம்பளியும் போர்வையும் போதவில்லை என்று அன்று யாரும் சொல்ல முடியாது. அவை திறக்கும் விதம்தான் தவறாக இருந்தது.

பிறந்த குழந்தைக்குக் குளிர் ஏன் இவ்வளவு விரைவில் ஏறுகிறது என்பதைக் குடும்பநல மாது வீட்டுக்கு வந்தபோது பொறுமையாக விளக்கினார். உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோலின் பரப்பு பெரியவர்களுடையதை விட மிக அதிகம். அந்தத் தோல் வழியாகத்தான் வெப்பம் வெளியேறுகிறது. நம்மைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கவும் அதற்குத் தெரியாது. கழுத்தையும் தோள்களையும் சுற்றி இருக்கும் ஒருவகைக் கொழுப்பை எரித்துத்தான் அது தன் சூட்டைக் காத்துக்கொள்கிறது. எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு அந்தச் சேமிப்பும் குறைவு. எங்கள் தோட்டப் பகுதிகளில் இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் நாட்டின் மற்றப் பகுதிகளை விட அதிகம் என்பதால், இது நமக்கு வெறும் வசதி பற்றிய பேச்சு மட்டும் ஆகாது. அதிலும் ஈரமான தோல் திறந்து கிடக்கும்போது வெப்பம் பல மடங்கு வேகமாகப் போகும். துணி மாற்றும் அந்தச் சில நிமிடங்கள் துல்லியமாக அப்படிப்பட்ட நேரம்.

அம்மாவின் அனுபவம் வேறு. அவர் கொழுந்தெடுத்து எங்கள் மூவரையும் வளர்த்தவர். லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறையில், பழைய சேலையைத் தூளியாகக் கட்டி எங்களைக் கிடத்தியிருக்கிறார். ஈரமானால் சேலை வழியே கீழே சொட்டிவிடும், அடியில் விரித்த சாக்கை மாற்றினால் போதும் என்பார். பேறுகால லீவு முடிந்ததும் எங்களைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தை பராமரிப்பு நிலையத்தில்) விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போனவர் அவர். பேத்தியைப் பார்த்ததும், "புள்ளைக்குக் குளிரு ஏறிடும்பா, இன்னொரு போர்வை போடு" என்பதுதான் அவருடைய முதற்பேச்சு. அந்த அக்கறையை நான் ஒருபோதும் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் இரண்டு விடயங்களில் மட்டும் நான் உறுதியாக நின்றேன். தளர்வான போர்வை குழந்தையின் முகத்தை மூடிவிடும் ஆபத்து உண்டு என்பதால், உறங்கும்போது போர்வை வேண்டாம் என்றேன். கரிச்சட்டியில் நெருப்பைப் போட்டுக் கதவை அடைத்துக்கொண்டு படுக்கும் பழக்கத்தை அறவே நிறுத்தினேன். அந்தப் புகையில் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத நஞ்சு உண்டு, உறக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். போர்வையும் நெருப்பும் இல்லையென்றால் பிள்ளையின் சூட்டை முழுக்க உடைதான் காக்க வேண்டும். அந்த உடையை இரவில் நான்கு முறை திறக்கவும் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும். உடையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் அப்படி இராது.

நான் கண்டுகொண்டது ஒன்றுதான். குழந்தைக்கு எத்தனை அடுக்கு உடுத்தினாலும், அத்தனையும் கீழிருந்து திறக்க வேண்டும். துணி மாற்றும்போது இடுப்புக்குக் கீழே மட்டும் திறந்து, மார்பும் கைகளும் வயிற்றின் மேற்பகுதியும் சூட்டோடு மூடியபடியே இருக்க வேண்டும். ஓர் அடுக்கு மட்டும் மேலிருந்து திறப்பதாக இருந்தாலும், மற்ற அடுக்குகள் எவ்வளவு நல்லவையாக இருந்தும் பயன் இல்லை. கடையில் நிற்கும்போது நாம் ஒவ்வோர் உடையையும் தனித்தனியாகப் பார்த்து வாங்குகிறோம். இரவில் அவை எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகத்தான் இருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம்.

முதல் இரண்டு வாரங்களுக்கு, தொப்புள் கொடியின் மிச்சம் உலர்ந்து விழும்வரை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லும் அந்த வெள்ளைக் கட்டுச் சட்டையே நல்லது. முன்பக்கம் ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து ஓரத்தில் நாடாவால் முடிச்சிடும் சட்டையை நான் சொல்கிறேன். தலைவழியாக எதையும் இழுக்க வேண்டியதில்லை. தொப்புளின் மேல் பட்டனோ சிப்போ அழுத்தாது. இடுப்போடு நின்றுவிடுவதால் துணி மாற்றும்போது அதைத் தொடவே வேண்டியதில்லை. நெப்பியின் மேல் விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே வரும்படி மடித்துவிட்டால் அந்த இடம் காற்றோட்டமாகவும் இருக்கும். அதற்குமேல் கால்களை மூடிக்கொள்ள, கீழே எலாஸ்டிக் வைத்த நீள அங்கி ஒன்று இருந்தால், அதை இடுப்புவரை சுருட்டி விட்டு வேலையை முடித்துவிடலாம். பட்டன், சிப் எதுவும் இல்லாத அந்த அங்கிதான் இருட்டில் கையாள மிக இலகுவானது. குழந்தை கால்களை உதைக்கத் தொடங்கியதும் அது தானாகவே தொடைவரை ஏறிவிடும் என்பதால் எங்கள் குளிருக்கு அது நீண்ட நாள் ஒத்துவரவில்லை. ஒரு மாதத்தோடு அதை எடுத்து வைத்துவிட்டோம்.

அதற்குப் பிறகு வருவதுதான் கழுத்திலிருந்து பாதம்வரை ஒரே உடுப்பாக இருக்கும் இரவு உடை. அதில் அமுக்குப் பட்டன் வைத்தது, சிப் வைத்தது என இரண்டு வகை கிடைக்கின்றன. பட்டன் வைத்தது விலை குறைவு. துவைத்தாலும் உருக்குலையாது. ஒரு கணுக்காலில் தொடங்கி உள்தொடை வழியாக மறு கணுக்கால்வரை பட்டன் வைத்ததாக இருந்தால், கால்கள் இரண்டும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்து கொடுக்கும். துணி நெப்பி கட்டும் வீடுகளுக்கு அது மிக வசதி. சிலவற்றில் ஒரு காலில் மட்டுமே பட்டன் இருக்கும். மற்றக் காலை உள்ளேயிருந்து இழுத்தெடுத்து, மாற்றிய பின் மீண்டும் நுழைக்க வேண்டும். மடக்கிக்கொண்ட அந்தச் சின்னக் காலை நீட்டிப் பிடித்து நுழைப்பதற்குள் பிள்ளை விழித்துவிடும். வாங்கும்போது இதைத் திறந்து பார்க்காமல் வாங்கக் கூடாது.

பட்டனின் குறை இருட்டில்தான் தெரியும். எங்களிடம் இருந்த ஒன்றில் முன்பக்கம் முழுவதும் சேர்த்துப் பதினான்கு பட்டன்கள். ஒன்றைத் தவறவிட்டால் எல்லாம் ஒன்று தள்ளிப் பூட்டிக்கொண்டு கடைசியில் ஒன்று மிஞ்சும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காலிடுக்கின் நடுவில் வரும் பட்டனுக்குப் பக்கத்தில் சிவப்பு நூலால் நான்கைந்து தையல் போட்டுவிட்டேன். முதலில் அதைப் பூட்டிவிட்டு, பிறகு இரண்டு கால்கள் பக்கமும் போனால் தவறு நேராது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நூல் முடிச்சு விரலில் தட்டுப்படும். வாங்குவதற்கு முன்பு ஒவ்வொரு பட்டனையும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். மெல்லிய துணியில் பின்பக்கம் பட்டி வைக்காமல் நேரடியாகப் பதித்த பட்டன், சில வாரங்களில் துணியைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கழன்ற பட்டன் பிள்ளையின் வாய்க்குப் போகக் கூடிய பொருள்.

சிப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தது என் தங்கச்சி. அவள் கார்மென்ட் தொழிற்சாலை ஒன்றில் எட்டு வருடமாகத் தையல் பிரிவில் வேலை செய்கிறாள். வெளிநாட்டுக்குப் போகும் குழந்தை உடைகள் அவள் கையால் ஆயிரக்கணக்கில் போயிருக்கின்றன. நான் ஆசையோடு வாங்கி வந்த முதலாவது சிப் உடையைப் பார்த்ததும், "அண்ணே, இது மேலேருந்து கீழே தொறக்கிற சிப்பு. புள்ளையோட நெஞ்சத் தொறக்காம உங்களால நெப்பி மாத்தவே முடியாது" என்றாள். அவள் சொன்னது சரி. ஒரே இழுவை உள்ள சிப், கழுத்திலிருந்து கீழே இறங்கும்போது குளிர் முதலில் மார்பில்தான் படுகிறது. இரண்டு இழுவை உள்ள சிப்பில் ஒன்று மேலே கழுத்தருகே நிற்கும், மற்றது கீழே கணுக்காலில் இருக்கும். கீழே உள்ளதை மேல்நோக்கித் தொப்புள்வரை இழுத்தால் போதும். கால்கள் வெளியே வந்துவிடும், மார்பு மூடியபடியே இருக்கும். பட்டனில் ஒரு நிமிடம் எடுத்த வேலை இதில் சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது.

அவள் இன்னும் சிலவற்றைக் காட்டினாள். சிப்பின் உள்பக்கம் அதன் முழு நீளத்துக்கும் ஒரு துணிப்பட்டி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த பற்கள் நேராகத் தோலில் படும், மூடும்போது தோலைக் கவ்வவும் கூடும். கழுத்தில் சிப் முடியும் இடத்தில் அதன் தலையை மறைத்துக்கொள்ளச் சிறிய மடிப்பு ஒன்று தைத்திருக்க வேண்டும். அது இல்லாத உடையைப் போட்டால் தாடையின் கீழே சிவந்த கீறல் விழும். எல்லாவற்றையும் விட அவள் அழுத்திச் சொன்னது சுருக்கத்தைப் பற்றி. பருத்தித் துணி துவைக்கத் துவைக்கச் சுருங்கும், சிப் சுருங்காது. அதனால் மலிவான உடையில் நான்கு துவைப்புக்குப் பிறகு சிப் பாம்பு போல நெளிந்து, படுத்திருக்கும் பிள்ளையின் வயிற்றின் மேல் மேடு தட்டி நிற்கும். கீழேயிருந்து இழுத்தால் ஓடாது. கடையிலேயே உடையை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தால், சிப்பின் இரு பக்கமும் துணி இப்போதே சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். அப்படி இருந்தால் துவைத்த பிறகு இன்னும் மோசமாகும். இதை அறியாமல் வாங்கிய இரண்டு உடைகளை நாங்கள் வீணாக்கினோம்.

இரவு உடைக்கு மேல் போர்வைக்குப் பதிலாக உறக்கப் பை போடலாம் என்பதை நான் ஒரு நண்பரின் வீட்டில் பார்த்துத்தான் அறிந்தேன். தோளிலிருந்து பாதத்துக்குக் கீழேவரை வரும், கையில்லாத பை அது. குழந்தை எவ்வளவு உதைத்தாலும் விலகாது, முகத்தை மூடாது. வெளிநாட்டுப் பைகளில் டோக் என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். துணி எவ்வளவு வெப்பத்தை உள்ளே தடுத்து வைக்கும் என்பதற்கான அளவு அது: 0.5 என்றால் வெக்கையான இடத்துக்கு, 1 என்றால் மிதமான அறைக்கு, 2.5 என்றால் குளிரான அறைக்கு. பிரித்தானியாவில் குழந்தை உறங்கும் அறைக்கு 16 முதல் 20 பாகை செல்சியஸ் வரை பொருத்தம் என்கிறார்கள். அந்த வெப்பத்துக்கு 2.5 டோக் பையும் அதற்குள் நீளக் கையுள்ள ஓர் உடையும் போதும். கொழும்பு போன்ற வெக்கையான இடத்தில் 2.5 டோக் பை தேவைப்படாது. எங்கள் வீட்டு அறை 13க்கு இறங்கும் இரவுகளில், 2.5 டோக் பைக்குள்ளே இரண்டு அடுக்கு உடுத்த வேண்டியிருந்தது.

கடையில் கண்ட பைகளில் பெரும்பாலானவற்றின் சிப் மேலிருந்தே திறந்தது. தங்கச்சி விடுமுறையில் வந்தபோது, பழைய ஃபிளீஸ் (கம்பளி போல மென்மையான செயற்கை நூல் துணி) போர்வை ஒன்றை வெட்டி, கிழிந்துபோன ஒரு ஜக்கெட்டிலிருந்து பிரித்தெடுத்த இரட்டை இழுவைச் சிப்பை வைத்து, எங்களுக்கு ஒரு பை தைத்துத் தந்தாள். சிப்பை நடுவில் வைக்காமல் இடப்பக்கமாகத் தள்ளி, கீழே பாதத்தைச் சுற்றி மறுபக்கம்வரை வளைத்துத் தைத்தாள். திறந்தால் பையின் அடிப்பாகம் ஒரு கதவைப் போல மேலே மடிந்துகொள்ளும். கழுத்தின் அளவை அவள் இரண்டு முறை அளந்தாள். மற்ற உடைகளை ஓர் அளவு பெரிதாக வாங்கி வைத்தால் வளர்ந்த பிறகும் போடலாம், ஆனால் உறக்கப் பையில் அப்படிச் செய்யக் கூடாது என்றாள். கழுத்தும் கைத்துளையும் பெரிதாக இருந்தால் பிள்ளையின் தலை வழுக்கி உள்ளே போய்விடும். பூட்டிய பின் கழுத்துக்கும் துணிக்கும் இடையில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டால் போதும்.

மலைநாட்டில் உடையின் தடிமனைப் பற்றி யோசிக்கும்போது அது காயும் நேரத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நாட்கணக்கில் வெயிலே தெரியாது. தடித்த பருத்தி உடை ஒன்று இஸ்தோப்புக் கொடியில் (வீட்டு முன்திண்ணைக் கொடியில்) மூன்று நாள் தொங்கியும் தையல் ஓரங்களில் ஈரம் போகாமல் இருந்ததைக் கண்டிருக்கிறேன். அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைத்தால் விறகுப் புகை ஏறிவிடுகிறது; அந்த வாசத்தை இரவு முழுவதும் பிள்ளையின் மூக்கருகே வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே தடித்த ஒன்றுக்குப் பதிலாக மெல்லிய இரண்டு என்று மாறிக்கொண்டோம். உள்ளே மெல்லிய பருத்தி உடை, அதன் மேல் மெல்லிய ஃபிளீஸ் உடை, இரண்டும் கீழிருந்து திறப்பவை. இரண்டுக்கும் இடையில் நிற்கும் காற்றும் சூட்டைப் பிடித்து வைக்கிறது. ஈரமானால் பெரும்பாலும் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றினால் போதும். ஃபிளீஸ் ஓர் இரவில் அடுக்களைப் பக்கம் தொங்கவிட்டாலே உலர்ந்துவிடுகிறது. தோலில் படுவது மட்டும் எப்போதும் பருத்தியாக இருக்க வேண்டும். அந்த மழைக்காலத்தில் உள்ளுடை ஆறும் மேலுடை மூன்றும் இல்லாமல் எங்களால் சமாளிக்க முடியவில்லை.

நெப்பியா பெம்பர்ஸா என்பதும் உடையோடு சேர்ந்த கேள்விதான். எந்தக் கம்பனியின் டயப்பரையும் நம் ஊரில் பெம்பர்ஸ் என்றே சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பிறகு அதன் விலை ஏறிய ஏற்றத்தில், இரவும் பகலும் அதையே போட எங்கள் வருமானம் இடம் கொடுக்கவில்லை. பகலில் துணி நெப்பி, இரவில் பெம்பர்ஸ் என்று வைத்துக்கொண்டோம். ஈரமான துணி நெப்பி குளிர்ந்து உடலோடு ஒட்டிக்கொள்ளும், உடனே மாற்றியாக வேண்டும். நல்ல பெம்பர்ஸ் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், மலம் போகாமல் சிறுநீர் மட்டும் என்றால், முதல் மாதங்கள் கடந்த பிள்ளையை அதற்காகவே எழுப்ப வேண்டியதில்லை. இரவிலும் துணி நெப்பி கட்டுபவர்கள் உடை வாங்கும்போது பின்புறம் அகலமாக வெட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மடித்த நெப்பியின் பருமன் இடுப்பை மேலே இழுத்துக்கொள்ள, பாதம் மூடிய உடையில் கால்விரல்கள் முனையில் போய் மடங்கி நிற்கும். ஓர் அளவு பெரிய உடையை எடுத்தால் இந்தச் சிக்கல் தீரும்.

இத்தகைய உடைகளை நாங்கள் பெரும்பாலும் நுவரெலியா பேல் பசார் என்ற உடைச் சந்தையில்தான் எடுத்தோம். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை அங்கே குவியலாகக் கிடக்கும். பொறுமையாகத் தேடினால் இரட்டை இழுவைச் சிப் வைத்தவை கையில் அகப்படும். சிலவற்றில் மஞ்சள் நிறத் துண்டுச் சீட்டு ஒன்று தொங்கும். இந்த உடை தீயைத் தடுக்காது, ஆகவே உடலோடு ஒட்டியிருக்கும்படி போடுங்கள் என்பதே அதிலுள்ள செய்தி. அமெரிக்காவில் ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட அளவுகளில் இரவு உடை ஒன்று எளிதில் தீப்பற்றாத துணியாக இருக்க வேண்டும், அல்லது தொளதொளவென்று இல்லாமல் உடலை ஒட்டியதாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. விறகடுப்பு எரியும் வீடுகளில், தவழத் தொடங்கிய பிள்ளைக்குத் தொங்கும் அங்கியைப் போடுவதை விட ஒட்டிய உடையைப் போடுவது நல்லது என்பதற்கு அந்தச் சீட்டு எனக்கு நல்ல நினைவூட்டலாக இருந்தது. கழுத்தில் நாடாவோ கயிறோ கோத்தவற்றை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நாங்கள் எடுக்கவில்லை.

உடைகள் சரியாக அமைந்த பிறகு இரவு வேலை எப்படி நடந்தது என்று சொல்கிறேன். படுக்கப் போகும் முன்பே ஒரு தட்டில் பஞ்சும் மாற்று உள்ளுடையும் வைத்து, பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க்கை வைத்துவிடுவேன். புது பெம்பர்ஸ் ஒன்றை என் போர்வைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு படுப்பேன். 13 பாகைக் குளிரில் கிடந்த பெம்பர்ஸ் பிள்ளையின் இடுப்பில் பட்டால் அவள் துள்ளி விழித்துவிடுவாள். அவள் சிணுங்கியதும் பெரிய விளக்கைப் போடாமல், கைத்தொலைபேசி வெளிச்சத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பேன். பையின் கீழ்ச் சிப், பிறகு மேலுடையின் கீழ்ச் சிப், பிறகு உள்ளுடையின் கீழ்ச் சிப் என்று மூன்றையும் தொப்புள்வரை இழுப்பேன். இரு கால்களையும் வெளியே எடுத்து, திறந்த துணி அத்தனையையும் அவள் முதுகுக்கு அடியில் இடுப்புக்கு மேலே தள்ளிவிடுவேன். அப்போதுதான் எது வழிந்தாலும் உடை நனையாது. பழையதைத் திறப்பதற்கு முன்பே புதியதை அதன் அடியில் விரித்துவிட வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் முன்னிருந்து பின்னாகத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, பழையதை உருவிவிட்டுப் புதியதை ஒட்டுவேன். பிறகு சிப் மூன்றும் கீழே இறங்கும். மார்பு ஒருமுறைகூடத் திறக்கவில்லை. பல இரவுகளில் அவள் கண்ணையும் திறக்கவில்லை.

மலம் முதுகுவரை ஏறிவிட்ட இரவுகளில் இந்த ஒழுங்கு உதவாது, எல்லாவற்றையும் கழற்றத்தான் வேண்டும். அந்த இரவுகளுக்காகச் சொல்கிறேன்: தோளில் இரண்டு மடிப்பு ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்த கழுத்துள்ள உள்சட்டைகளைப் பலர் கவனித்திருப்பீர்கள். அந்த மடிப்பு வெறும் அழகுக்கானது என்று நான் எண்ணியிருந்தேன். கழுத்து அகலமாக விரிவதால் அழுக்கான சட்டையைத் தலைவழியாக இழுக்காமல், தோளிலிருந்து கீழ்நோக்கி இறக்கிக் கால்வழியாகக் கழற்றலாம் என்று மனைவியின் அம்மா செய்து காட்டினார். பிள்ளையின் முகமும் முடியும் சுத்தமாகவே இருந்தன.

குளிருக்குப் பயந்து அளவுக்கு மீறி உடுத்துவதும் தவறு என்பதை இங்கே சேர்க்க வேண்டும். கைகளும் பாதங்களும் சிறிது குளிர்ந்திருப்பது குழந்தைகளுக்கு இயல்பு. அதைத் தொட்டுப் பார்த்து அம்மா இன்னொரு சட்டையை எடுத்து வருவார். பின்கழுத்தில் அல்லது மார்பில் கையை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் போதும். வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் குறைக்க வேண்டும். கம்பளித் தொப்பியைப் பகலில் வெளியே போகும்போது போட்டோம், வீட்டுக்குள் உறங்கும்போது எடுத்துவிட்டோம். அதிகப்படியான சூடு தலைவழியாகத்தான் வெளியேற வேண்டும், தொப்பி நழுவி முகத்தில் விழவும் கூடும். மல்லாக்கக் கிடத்துவது எந்த உடைக்கும் பொதுவான விதி. துணியால் கை கால்களை இறுக்கிச் சுற்றும் வழக்கத்தை, பிள்ளை புரள முயன்ற மூன்றாம் மாதத்தோடு நிறுத்திவிட்டோம்.

இப்போது அவளுக்குப் பதினோரு மாதம். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். படுக்க வைத்து மாற்ற முயன்றால் புரண்டு ஓடப் பார்க்கிறாள். பாதம் மூடிய உடை வழுக்குவதால் பாதம் இல்லாததற்கு மாறி, இரவில் மட்டும் காலுறை போடுகிறோம். இரவில் ஒருமுறைக்கு மேல் மாற்ற வேண்டியும் இல்லை.

கீழ் லயத்தில் இருக்கும் அக்காவின் மகளுக்கு வருகிற ஜனவரியில்தான் பேறுகாலம். அம்மாவே முன்வந்து, சின்னதாகிப்போன உடைகளில் நல்லவற்றை எடுத்துத் துவைத்து மடித்து வைத்திருக்கிறார்: மெல்லிய உள்ளுடை நான்கு, ஃபிளீஸ் மேலுடை இரண்டு, தங்கச்சி தைத்த பை, சிவப்பு நூல் போட்ட அந்தப் பட்டன் உடை. மேலுடை ஒன்றின் கீழ்ச் சிப் பாதியில் இறுகி நின்றது. வெள்ளை மெழுகுதிரித் துண்டு ஒன்றைப் பற்களின் இரு பக்கமும் தேய்த்து, பத்துப் பன்னிரண்டு முறை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். இப்போது ஒரு விரலால் இழுத்தாலே ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கும்போது, எந்த இழுவையைப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கும் அவள் புருஷனுக்கும் செய்து காட்டிவிட்டு வர வேண்டும்.